எட்டுக்கு நாலு பலகையும் நானும்

ஓசூரில் எங்கள் பட்டறை, லாரி நுழைய முடியாத ஒரு சந்துக்குள் இருக்கிறது. சமையலறை அலமாரிகள் செய்கிறோம். பிளைவுட் வந்தால் லோடுமேன்கள் சந்து முனையில் சுவரோடு சாய்த்துவிட்டுப் போய்விடுவார்கள். எட்டடிக்கு நாலடி, முக்கால் இஞ்ச் கனம். ஒரு முனையை என் வீட்டுக்காரரும் மறுமுனையை நானும் பிடித்து உள்ளே கொண்டுவருவோம். போன ஆடியில் அவருக்கு இடுப்பு டிஸ்க் நழுவியது. இனி எந்தச் சுமையையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"பலகை வெட்டற மெஷினைக் குடுத்துடலாம். ஞாயித்துக்கெழமை ராயக்கோட்டையிலருந்து ஒருத்தர் பாக்க வர்றாரு" என்றார் வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வெட்டறது நானு, ஒட்டறது நானு. தூக்க ஆளில்லன்னு மெஷினை விப்பாங்களா? ஒரு ஆளை வெச்சா ஆகாதா?"

"எவன் நிக்கறான்? ரெண்டு நாள் வர்றான், மூணாம் நாள் கம்பெனி பஸ்ஸு ஏறிடறான்."

அது உண்மைதான். அதனால் எனக்கு வேறு யோசனை பிடித்துக்கொண்டது. ஒற்றை ஆள் இந்தப் பலகையை எப்படி நகர்த்துவது? சோறு வடிக்கும்போதும் அதே நினைப்பு. ஒருநாள் தெருவில் கேஸ் போடுபவரை நின்று பார்த்தேன். சிலிண்டரை அவர் தூக்கவே இல்லை. லேசாகச் சாய்த்து, அடி விளிம்பில் உருட்டிக்கொண்டே போனார். அட, நாம் மட்டும் ஏன் தூக்கித் தொலைக்கிறோம்?

பழைய இரும்புக் கடையில் உடைந்த ஆபீஸ் நாற்காலி ஒன்று கிடைத்தது. அதன் சக்கரங்களில் நான்கைக் கழற்றி ஒரு துண்டுப் பலகையின் அடியில் முடுக்கினேன். மேலே இரண்டு ரீப்பர் கட்டைகளை இடைவெளி விட்டு அடித்தேன். பிளைவுட்டை நிமிர்த்தி அந்த இடுக்கில் நிறுத்தித் தள்ளினேன். நாலு சக்கரமும் நாலு பக்கம் திரும்பின. பலகையின் முன்பக்கம் சாக்கடைச் சரிவுக்கு ஓட, பின்பக்கம் என்னைச் சுவரோடு வைத்து அழுத்தியது.

"போதும் விடு! நீயும் படுத்துட்டா யாரு சோறு போடறது?" என்று பட்டறை வாசலிலிருந்து அவர் கத்தினார். வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனுஷனுக்குக் கவலையைப் பார்!

சக்கரம் ஏன் அப்படித் திரும்பியது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் கொய்யாப்பழத் தள்ளுவண்டியைக் குனிந்து பார்த்தேன். அதன் சக்கரங்கள் நேராக ஓடின, இடம் வலம் திரும்பவே இல்லை. தள்ளுகிறவர்தான் வண்டியைத் திருப்பினார். நானும் நாலையும் கழற்றிவிட்டு, திரும்பாத சக்கரம் இரண்டை நட்டநடுவில் பொருத்தினேன். பலகையின் பாரம் இரண்டு பக்கமும் சமமாக நின்றது. ஒரு கையால் பிடித்தால் போதும், சொன்ன பேச்சைக் கேட்டு வந்தது.

ஞாயிறு காலை ராயக்கோட்டைக்காரர் போன் செய்தார். வழியில் சானமாவு காட்டுப் பக்கம் யானை இறங்கியிருப்பதால் வண்டிகளை நிறுத்திவிட்டார்களாம், தாமதமாகும் என்றார். சந்து முனையில் ஒரு பலகை கிடந்தது. மதியமாகியும் அவர் வரவில்லை என்று, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அதை எடுக்கப் போனேன். உருட்டி வரும்போது பின்னால் யாரோ வருவது தெரிந்தது. "ஒதுங்கி வாங்க!" என்று அதட்டினேன். உள்ளே வந்ததும் பலகையின் மேல் விளிம்பை மெஷின் மேசையில் சாய்த்துவிட்டு, கீழ்ப்பக்கத்தை மட்டும் பிடித்துத் தூக்கினேன். பாதி பாரத்தை மேசையே வாங்கிக்கொண்டது. வீட்டுக்காரரின் இரண்டு கையும் தானாக நீண்டன.

"கையை எடுங்க!"

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பலகை வழுக்கி மேசைமேல் உட்கார்ந்தது.

பின்னால் வந்தவர்தான் ராயக்கோட்டைக்காரர். மெஷினை விட்டுவிட்டு, குனிந்து என் வண்டியையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மெஷினோட இதையும் சேத்துக் குடுப்பீங்களா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டார்.

வீட்டுக்காரர் மேசைமேல் இருந்த பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வண்டி அவளோடதுங்க. இனிமே மெஷினும் அவளோடதுதான். அவளையே கேளுங்க."

வந்தவர் என் பக்கம் திரும்பி வாயைத் திறப்பதற்குள் நான் மெஷின் சுவிட்சைப் போட்டேன்.