பெயர் சொல்லாத இரண்டு நாள்

முதலில் காய்ச்சல் வந்தது எனக்குத்தான். இரண்டு நாள் அடித்தது, கஷாயம் குடித்தேன், போய்விட்டது. "இந்தக் கட்டையக் கொரோனா என்ன செய்யும்" என்று என் மனைவி சரோஜாவிடம் வீறாப்புப் பேசினேன். மூன்றாம் நாள் நாற்றங்காலுக்குக் கிளம்பியவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பகலில் அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. உடனே அவளை ஆட்டோவில் ஏற்றினேன்.

நோய் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். குத்தாலம் பக்கத்தில் எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர் ஒருவரின் கருமாதிக்குப் போயிருந்தேன். இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு. நாங்கள் நாற்பது பேர். போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டதும், பழைய பழக்கம், எல்லோரும் ஒரே கூடத்துக்குள் புகுந்து கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டோம். அரை மணி நேரம் அப்படியே இருந்தோம். இதில் சிரிப்பு வேறு. 'வயசு திரும்பிடுச்சுப்பா' என்று என் தோளில் சாய்ந்து சிரித்தவன் கலியபெருமாள். கூலிப் போராட்டத்தில் என்னோடு ஒரே நாளில் கைதானவன்.

அரசு மருத்துவமனையில் சரோஜாவின் விரலில் ஆக்ஸிமீட்டரை (ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் சிறு கருவி) மாட்டினார்கள். எண்பத்திரண்டு காட்டியது. தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனாலே கவலைப்பட வேண்டும் என்றார் டாக்டரம்மா. முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் வைத்து, குப்புறப் படுக்க வைத்தார்கள் (முதுகுப் பக்க நுரையீரலுக்கும் காற்று போவதற்காக). எனக்கும் நோய் உறுதியானது. லேசுதான். அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்க விட்டார்கள். அந்த மட்டில் நோய்க்கு நன்றி.

அன்று சாயங்காலம் சுகாதார ஆய்வாளர் ஒருவர் நோட்டுப் புத்தகத்துடன் வந்தார். சின்ன வயது. "ஐயா, பத்து நாளா யார் யாரைப் பாத்தீங்க? பேரும் ஊரும் சொல்லுங்க" என்றார்.

யாரையும் பார்க்கவில்லை என்றேன்.

ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் 144 போட்டு, கூலி கேட்டவர்களைத் தேடிய காலத்தில், ஸ்டேஷனில் வைத்து என்னிடம் கேட்டதும் இதே கேள்விதான். கூட இருந்தவன் யார், பேர் சொல்லு. என் இடது கைச் சுண்டுவிரல் இன்றைக்கும் மடங்காது. ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை நான். அந்தப் பெருமையைத் தின்றே இத்தனை வருஷம் உயிர் வாழ்ந்திருக்கிறேன். நோட்டைப் பார்த்ததும் வாய் தானாகப் பூட்டிக்கொண்டது. மறுநாளும் அவர் வந்தார், அதே பதிலைச் சொல்லி அனுப்பினேன்.

அரசாங்கத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. தெருவை அடைக்கத் தகரம் முதலில் வந்தது எங்கள் காலனிக்குத்தான், மேலத்தெருவுக்கு அல்ல. அதை இன்றும் கேட்பேன். ஆனால் அந்தக் கோபத்தை வைத்து என் தப்பை மூடப் பார்த்தேன் என்பதும் உண்மை.

மூன்றாம் நாள் காலை அவர் மறுபடி வந்து, வெறும் நோட்டோடு திரும்பினார். சரோஜா மாஸ்கைத் தூக்கினாள். போடு, போடு என்று பதறினேன். கேட்கவில்லை.

"அன்னைக்குக் கேட்டவன் அடிக்கக் கேட்டான். இந்தத் தம்பி மருந்து குடுக்கக் கேக்குது. ரெண்டும் ஒண்ணாங்க?"

அவ்வளவுதான் பேசினாள், இருமல் பிடித்துக்கொண்டது. நான் ஓடிப்போய்ப் படிக்கட்டில் அந்தப் பிள்ளையை நிறுத்தினேன். என்னைத் தவிர முப்பத்தொன்பது பெயரையும் ஊர் வாரியாகச் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, மெதுவாகச் சொல்லுங்க ஐயா என்றார்.

பதினொரு பேருக்கு நோய் இருந்தது. பத்துப் பேர் பிழைத்தார்கள். கலியபெருமாளைச் சுகாதாரக்காரர்கள் தேடிப் போனபோது கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தானாம். ஒன்றுமில்லை என்றானாம். மீட்டர் அறுபத்தெட்டு காட்டியிருக்கிறது. மூச்சுத் திணறல் தெரியாமலே ஆக்ஸிஜன் இறங்கிவிடும், இந்த நோயின் சூது அது. ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் போய்விட்டான்.

அந்த இரண்டு நாள் முன்னால் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "சொல்ல முடியாதுங்கய்யா" என்றார். ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்காக அவரை மதிக்கிறேன். உங்களிடமும் யாராவது நோட்டோடு வந்து கேட்டால், கேட்பது எதற்காக என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துச் சரோஜா வீட்டுக்கு வந்தாள். நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கிறது, ஆற நாளாகும் என்றார்கள். ஒரு வாக்கியம் பேசி முடிக்க இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறாள். நாற்பது வருஷமாக அவள் பேச்சில் குறுக்கே பாய்ந்தவன் நான். இப்போது அந்த இடைவெளியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிகிறது.

போன வாரம் காலையில் அவளாகவே ஆரம்பித்தாள். "கலியபெருமாள் அண்ணன் வீட்டுக்கு..." என்றாள். நின்றாள். நான் இரண்டு நாள் பெயரை மறைத்தது அந்த வீட்டாருக்கு இன்னும் தெரியாது; அங்கே தலைகாட்ட எனக்குத் தைரியம் வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். "நீங்க போயி..." மறுபடி நின்றாள். கடைசிச் சொல் வரும்வரை காத்திருந்தேன். "சொல்லிடுங்க."

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன்.