மனுவுக்கு மதிப்பெண் போட்ட சங்கம்

எங்கள் கல்லூரி ஆசிரியர்கள் கையில் எந்தத் தாளைக் கொடுத்தாலும் திருத்தாமல் திருப்பித் தர மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட முதலில் அச்சுப்பிழையைத்தான் தேடுவோம். பெண் யார், மாப்பிள்ளை யார் என்பதெல்லாம் அதற்கப்புறம். நான் வரலாற்றுத் துறை, ஆசிரியர் சங்கத்துக்கு இணைச்செயலாளரும்கூட. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சங்கத்தின் தலையில் ஒரு வழக்கு வந்து விழுந்தபோது இந்தக் கை அரிப்பு என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்ல வேண்டும். கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் எல்லாரும் வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கம் வீடு வீடாகப் போய், மாணவர் சேர்க்கைக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று நிர்வாகம் கூட்டம் போட்டுச் சொன்னது. எல்லாரும் தலையைக் குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தோம். வேதியியல் பேராசிரியர் மட்டும் எழுந்தார்.

"நான் கெமிஸ்ட்ரி நடத்த வந்தவன் சார். நோட்டீஸ் குடுக்க வேற ஆளப் பாருங்க" என்று கல்லூரிச் செயலரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஒழுங்கீனம் என்று காரணம் காட்டி அவரை இடைநீக்கம் செய்தார்கள். விசாரணை என்று ஒன்றைத் தொடங்கி, ஜவ்வு மாதிரி இழுத்தார்கள். எதற்கு இழுக்கிறார்கள் என்பது எங்களுக்குப் புரிந்தது. அவருக்கு அந்தக் கல்வியாண்டோடு ஓய்வு. அதுவரை இழுத்துவிட்டால் அவர் இனி வகுப்புக்குள் கால் வைக்கவே முடியாது. வாழ்நாளெல்லாம் சாக்பீஸ் பிடித்த மனிதர் குற்றவாளி மாதிரி வீட்டிலிருந்தபடியே ஓய்வு பெறுவார்.

சேலையூர் காய்கறிக் கடையில் அவர் மனைவியைப் பார்த்தேன். காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்துவிடுகிறாராம். எங்கும் போவதில்லையாம், பேசுவதும் இல்லையாம். அன்று மாலையே சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்று பேராசிரியர் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தார். கூட நிற்பது எங்கள் பொறுப்பு என்றார் தலைவர்.

கேம்ப் ரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே வக்கீலம்மாவின் ஆபீஸ். அவர் கறார் பேர்வழி. நிர்வாகம் செய்த அநியாயங்களை நாங்கள் ஆளுக்கொரு பக்கமாக அடுக்க, கையைக் காட்டி நிறுத்தினார். விசாரணையை முடிக்காமல் ஒருவரை இவ்வளவு காலம்தான் இடைநீக்கத்தில் வைக்கலாம் என்று சட்டத்தில் வரம்பு இருக்கிறது, அது தாண்டிவிட்டது, அந்த ஒரு பாயிண்ட் போதும் என்றார். மனுவை எழுதி அனுப்புவதாகவும், விவரங்கள், முக்கியமாகத் தேதிகள், சரியா என்று மட்டும் பார்த்துச் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார்.

மனு வந்தது. சங்க அறையில் பிரின்ட் எடுத்து மேசையில் வைத்தோம். எல்லார் கையிலும் சிவப்புப் பேனா இருந்தது.

ஆங்கிலத் துறைக்காரர், சத்தியப் பிரமாணத்தில் ஒரே அர்த்தத்துக்கு இரண்டு சொல் எதற்கு என்று ஒன்றை அடித்தார். கணக்குத் துறை மேடம் பத்தி எண்களை மாற்றினார். தமிழ்த் துறை ஐயா, ஆங்கில மனு என்றும் பாராமல், ஓரத்தில் ஒரு குறள் எழுதி வைத்தார். நானாவது சும்மா இருந்திருக்கலாம். பின்னணி இல்லாமல் ஓர் இடைநீக்கத்தை எப்படிச் சொல்வது? சங்கம் தோன்றிய கதையிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதிச் சேர்த்தேன். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. தலைவர் கடைசிப் பக்கத்தில் 'நல்ல முயற்சி' என்று எழுதி, நூற்றுக்கு அறுபத்திரண்டு போட்டுவிட்டார். பழக்கதோஷம்.

திருத்திய மனுவை வக்கீலம்மா ஆபீஸுக்குக் கொண்டுபோனோம். அவர் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். வேதியியல் பேராசிரியர் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மேடம், நான் சட்டம் படிச்சு பாஸ் பண்ணிட்டேன். எதுக்கு மறுபடி அரியர் வெக்கறீங்க?" என்று வக்கீலம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். பிறகு கையெழுத்துப் போடப் போகிறவர் ஒரு தடவை பார்க்கட்டும் என்று மனுவை அவரிடம் நீட்டினார்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். எங்கள் திருத்தங்களையெல்லாம் தாண்டிப் போனார். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தி, சட்டென்று நீண்ட என் கையிலிருந்து பேனாவை வாங்கி, ஓரிடத்தில் வட்டம் போட்டார். இடைநீக்க உத்தரவின் தேதி. மாதம் மாறித் தட்டச்சாகியிருந்தது. அந்தத் தேதிப்படி பார்த்தால் சட்டம் சொன்ன வரம்பு தாண்டியிருக்கவே இருக்காது. வழக்கே அதில்தான் நின்றது. கமா ஒன்றுகூட எங்கள் கண்ணிலிருந்து தப்பவில்லை. தேதியை ஒருவரும் பார்க்கவில்லை. வக்கீலம்மாவே நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"அந்த நாள நான் மறப்பேனா?" என்றார் பேராசிரியர். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தலைவர் போட்ட அறுபத்திரண்டை அடித்துவிட்டு, பெரிதாக ஒரு சைபர் போட்டார். "எல்லாரும் ஃபெயில்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எத்தனையோ மாதம் கழித்து அவர் சிரித்ததைப் பார்த்த சந்தோஷத்தில், ஃபெயிலானவர்கள் எல்லாரும் கூடவே சிரித்தோம்.

என் இரண்டு பக்கமும் குறளும் குப்பைக்குப் போயின. மனு மெலிந்து, சரியான தேதியோடு தாக்கலானது.

தீர்ப்பு நாளன்று அவரும் நானும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கிப் போனோம். எங்கள் வழக்கின் முறை வந்ததும், கல்லூரியின் விசாரணை முடிந்ததா என்று நீதிபதி கேட்டார். எதிர்த் தரப்பு வக்கீல் இன்னும் அவகாசம் வேண்டுமென்றார். இடைநீக்கம் ரத்து, விசாரணையை வேண்டுமானால் நடத்திக்கொள்ளுங்கள், ஆளைப் பணியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நீதிபதி அடுத்த வழக்குக்குப் போய்விட்டார். ஒரு வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கக்கூட அதைவிட நேரமாகும்.

திரும்பும் ரயிலில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு வாழ்த்துகளால் கதறிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. கிண்டி தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "ஆர்கானிக் எந்த யூனிட் வரைக்கும் முடிச்சிருக்காங்க மேடம்?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

அவர் பணியில் சேரும் நாளில் ஜி.எஸ்.டி. சாலைப் பக்கத்து வாசலில் மாலை, ஜாங்கிரி சகிதம் சங்கமே திரண்டு நின்றோம். மணியடித்தும் ஆளைக் காணோம். அலுவலக உதவியாளர் அக்கா வந்து, "சார் அப்பவே பின்கேட்டு வழியா வந்துட்டாரே. ஆர்டர குடுத்துட்டு கிளாஸுக்குப் போயிட்டாரு" என்றார்.

மாலையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினோம். கரும்பலகை பாதி நிறைந்திருந்தது. சட்டைக் கையெல்லாம் சாக்பீஸ் தூள். எங்களைப் பார்த்ததும் வாசலுக்கு வந்தார்.

"ஹவர் முடியட்டும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்தோம். உள்ளே ஏதோ வளையத்தைப் பற்றி அவர் நடத்திக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. மணியடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது, அழுதேன்.