லாச்சிக்குள் விரித்த தாள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாதக் காலை. அப்போது சண்டிலிப்பாய்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தேன். எனக்குத் துப்புரவுப் பைத்தியம் உண்டு, அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முந்தைய மாதம், மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். சுவரில் இருந்த பழைய தாள்களை உரித்தெடுத்தது நான்தான். பாம்புக்கடி பற்றிய தாள் நல்ல தடிப்பாக இருந்ததால், பஞ்சும் பண்டேஜும் வைக்கும் மேசை இழுப்பறைக்குள், எங்கள் பேச்சில் லாச்சிக்குள், விரித்துவிட்டேன். அச்சடித்த ஆங்கிலத்துக்குக் கீழே, எனக்கு முன் அங்கிருந்த தாதி நீல மையில் தமிழில் ஏதோ எழுதியிருந்தார். ஒருநாளும் நான் அதை வாசித்ததில்லை.

அன்று ஏழு மணியிருக்கும். ஒரு வெங்காயத் தோட்டக்காரரை மனைவி ஓட்டோவில் கொண்டுவந்தார். விடியப்புறம் தொடக்கம் வயிற்றுக்குத்தாம். புழுக்கம் தாங்காமல் நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவராம். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. வாய்வு என்று நினைத்து மருந்து கொடுத்துப் படுக்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு இமைகளும் பாதிக்கு இறங்கின. இரவு நித்திரை இல்லாத மனுசன், கண் சொக்குகிறது என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். திரும்பி வந்து பார்த்தால் நெஞ்சு அசையவில்லை.

வைத்தியர் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. அம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, தோட்டக்காரரின் முகத்தில் மூடியை வைத்துக் காற்றுப்பையை அமுக்கத் தொடங்கினேன். இணையத்தில் தேடிப் பார்க்கச் சிற்றூழியர் அக்கா என் போனைத் தூக்கிப் பிடித்தார். பக்கம் பக்கமாக ஆங்கிலம். என்ன நோயென்றே தெரியாதபோது எதைத் தேடி வாசிப்பது? இமையைத் தூக்கி டோர்ச் அடித்தேன். கண்மணி சுருங்கவில்லை. செத்தவர்களின் கண்ணை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன், அதே கண். ஆனால் என் விரலுக்குக் கீழே நாடி ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது.

"நாடி மட்டும்தான் கிடக்கு அக்கா. ஆள் முடிஞ்சுது," என்று தோட்டக்காரரின் தலைமாட்டில் நின்றபடியே சொன்னேன்.

வாசலில் நின்ற மனைவி குழறி அழத் தொடங்கினார். காற்றுப்பையை அமுக்கிய என் கை தளர்ந்தது. உடம்பு விறைக்க முன் வாயைக் கட்டுவது எங்கள் வழக்கம். அதற்குப் பண்டேஜ் எடுக்க அக்கா லாச்சியை இழுத்தார். பண்டேஜோடு அந்தத் தாளும் கிளம்பி வந்தது. "இதிலை வயித்துக்குத்து எண்டு கிடக்கு தங்கச்சி," என்றவர் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"கட்டுவிரியன் கடித்தால் அடையாளம் தெரியாது. முதலில் வயிற்றுக்குத்து, பிறகு இமை இறங்கும். செத்தவர் போலக் கிடப்பார், சாகவில்லை. காற்றை நிறுத்தாதே. அவருக்கு எல்லாம் கேட்கும்."

மூவரும் அந்த முகத்தையே பார்த்தோம். இவ்வளவு நேரமும் அவர் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். என் கை தானாகவே காற்றுப்பையை வேகமாக அமுக்கியது. மனைவி அழுகையை நிறுத்திவிட்டு அவர் காதடியில் குனிந்தார்.

"இஞ்சேருங்கோ, நான் இஞ்சைதான் நிக்கிறன். வெங்காயத்துக்கு இண்டைக்குத் தண்ணி விடேல்லை. நீங்கள் வந்துதான் விடவேணும்."

அசையாத அந்த முகத்தில், இமையின் ஓரத்திலிருந்து ஒரு துளி நீர் காதுப்பக்கம் வழிந்தது. பெரியாஸ்பத்திரி வாசல்வரை, அம்புலன்ஸுக்குள்ளும், நான் கை எடுக்கவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு அவர் நடந்தே என்னைப் பார்க்க வந்தார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"ஆள் முடிஞ்சுது எண்டு நீங்கள் சொன்னது கேட்டது தங்கச்சி. லாச்சி இழுத்த சத்தமும் கேட்டது. இல்லையெண்டு சொல்ல ஒரு விரலைக்கூட அசைக்கேலாமல் கிடந்தன்."

தாளைப் பழைய இடத்திலேயே ஒட்டினேன். வெள்ளைச் சுவர் அசிங்கமாகத்தான் போனது, போகட்டும். இப்போது மாற்றலாகி வேறு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். கண்மூடிக் கிடக்கும் யாரிடம் போனாலும், முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவரிடமே சொல்கிறேன். பதில் வராத அந்தக் கணத்தில் இன்றைக்கும் என் முதுகு சில்லிட்டுப் போகிறது.