வினியானாவுக்கு ஊற்றிய சிரட்டை

கெலெமெந்தி பிறந்தது பூசாரிக் குலத்தில். நசவாலோ ஊரில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆற்றுமடுவில் கிடக்கும் விலாங்குக்குப் படையல் வைத்து, அதன் வாயாக ஊருக்குக் குறி சொன்னவர் அவருடைய பூட்டன். வெள்ளைக்காரப் பாதிரி வந்ததும் பூட்டன் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார், விலாங்குக்குப் பிசாசு என்று பேர் வைத்தார்கள், கதை முடிந்தது. நூற்றைம்பது வருஷமாக முடிந்துகொண்டே இருக்கிறது. இன்றைக்கும் ஃபிஜியின் அந்த மூலையில் ஒருவன் தென்னையிலிருந்து விழுந்தால், அவன் காலைப் பார்ப்பதற்கு முன்னால் ஊர் கெலெமெந்தியின் வீட்டைப் பார்க்கும்.

அதனாலேயே அவர் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கிறிஸ்தவராக இருந்தார். பதினெட்டு வயதில் சபையின் பிரசங்கிகள் பட்டியலில் பேர் ஏறியது. அதற்குப் பிறகு நாற்பது வருஷம், தன் முறை வரும் ஞாயிறுகளில் பெரும்பாலும் சாத்தானைப் பற்றித்தான் பேசினார். ஒளியாக இருந்த தூதன், கர்வம் பிடித்து ஆடினான், வானத்திலிருந்து தள்ளப்பட்டான். விலாங்கின் பேச்சே வராது. சாத்தானை எவ்வளவு உயரத்திலிருந்து தள்ளுகிறாரோ அவ்வளவு தூரம் அது தன் குடும்பத்து மடுவை விட்டு விலகிப்போகும் என்று நினைத்தாரோ என்னவோ.

அவர் மனைவி வினியானாவுக்கு அந்தப் பிரசங்கம் மனப்பாடம். "இன்னிக்கு எவ்ளோ உசரத்துலேர்ந்து தள்ளப்போறீங்க? பாவம், இடுப்பு கிடுப்பு ஒடிஞ்சிரப்போவுது" என்பாள். ஊர் முழுக்க அவரைக் கிண்டல் செய்யும் தைரியம் அவளுக்கு மட்டும்தான் இருந்தது.

மரவள்ளித் தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு குடிசை உண்டு. வேலை முடிந்த சாயங்காலங்களில் இருவரும் அங்கே உட்கார்ந்து யங்கோனா குடிப்பார்கள். வேரை இடித்துத் தண்ணீரில் பிழிந்து கலக்குவது அவள். ஊர்க்கூட்டத்தில் பெண்களுக்குக் கடைசியில்தான் சிரட்டை வரும். குடிசையில் "கலக்குனவளுக்குத்தான் மொதல் சிரட்டை" என்று அவளே சட்டம் போட்டிருந்தாள். அவள் குடித்து முடித்ததும் அவர் முறைப்படி மூன்று தரம் கை தட்டுவார். அவள் பெரிய மகாராணி மாதிரித் தலையை ஆட்டுவாள்.

சர்க்கரை வியாதி முதலில் அவள் பாதத்தை எடுத்தது, பிறகு முழங்காலை, பிறகு ஆளையே கொண்டுபோனது.

அடக்கம் முடிந்து ஒரு மாதத்தில் கெலெமெந்தி தனியாகக் குடிசைக்குப் போனார். தானே கலக்கினார். முதல் சிரட்டையை மொண்டார். கொடுக்க ஆளில்லை. அவள் சாய்ந்து உட்காரும் தூணடியில் ஊற்றிவிட்டு மூன்று தரம் கை தட்டினார். அது வழக்கமாகிவிட்டது.

யங்கோனாவைத் தனியாகக் குடிக்கக்கூடாது என்பது அந்த ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். தனியாகக் குடித்து, மண்ணிலும் ஊற்றுகிறவன் ஒரே ஒருவன்தான்: பிசாசுக்குத் தீனி போட்டு, யாரையோ சாகடிக்கக் கேட்கிறவன். கெலெமெந்திக்கும் தெரியும். தெரிந்தும் செய்தார். துக்கம் மனுஷனை அப்படித்தான் செய்ய வைக்கும். அதற்குமேல் எனக்கு விளக்கம் தெரியாது.

இரண்டு வருஷம் யாரும் பார்க்கவில்லை. மூன்றாவது வருஷம் புயல் அடித்தது. பாலம் போயிற்று, குடிதண்ணீர்க் குழாய் உடைந்தது, கக்கூஸ் குழிகள் நிரம்பி ஊருக்குள் ஓடின. நர்ஸம்மா வந்து தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். ஈர விறகை வைத்துக்கொண்டு எத்தனை பேர் கொதிக்கவைப்பார்கள்? பிள்ளைகளுக்கு வரிசையாகக் காய்ச்சல் வந்தது. நாவிதி என்பவனின் மகன் செத்துப்போனான்.

ஊரில் பாதிப்பேர் கூப்பிட்டு, பட்டினி ஜெபத்தில் பிசாசை விரட்டும் புதுச் சபையின் பாஸ்டர் இனோக்கே தன் ஜெபக்குழுவோடு வந்தார். முப்பது வயது, மெல்லிய குரல். ஊருக்காகத் தானும் பட்டினி கிடந்தார். கள்ளன் இல்லை. கள்ளனாக இருந்தால் பேரம் பேசியிருக்கலாம். பிசாசு நுழைந்த வாசல் எது என்று அவர் தேடிக்கொண்டிருக்கும்போது, தொலைந்த பன்றியைத் தேடித் தோட்டப்பக்கம் போன ஒருவன், கெலெமெந்தி மண்ணில் சிரட்டையைக் கவிழ்ப்பதைப் பார்த்துவிட்டான்.

அப்போது அவருடைய பேத்தி லவேனியாவுக்கு ஒன்பதாவது நாள் காய்ச்சல். ஆறு வயது. ஒரே மகள் அசெனதாவின் ஒரே பிள்ளை. மருமகன் ஆஸ்திரேலியாவில் ஆப்பிள் பறித்துக்கொண்டிருந்தான். அசெனதா, தாய் போன துக்கத்தில் புதுச் சபைக்குப் போனவள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கெலெமெந்தி மகள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கல்லாக இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிரலாம்மா. இது நல்லதுக்கில்ல."

"நாவிதி மகனையும் ஆஸ்பத்திரிக்குத்தாம்ப்பா தூக்கிட்டுப் போனாங்க. பொட்டியிலதான் திரும்பி வந்தான்" என்றாள் அசெனதா. "வாசல அடைக்காம எங்க கொண்டுபோனாலும் அது பின்னாடியே வரும்."

"எந்த வாசலு?"

அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதாம்ப்பா."

பாஸ்டர் இனோக்கே பாயின் மறு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "ஐயா, உங்க பிரசங்கத்தச் சின்னப் பையனா இருக்கையில கேட்டிருக்கேன். பிசாசு மேலேர்ந்து விழுந்துச்சுன்னு சொல்வீங்க. எங்க விழுந்துச்சுன்னு ஒரு நாளும் சொன்னதில்லையே? இங்கதான் விழுந்துச்சு. உங்க மடுவுல. உங்க பூட்டன் அதுக்குச் சோறு போட்டாரு. இப்ப நீங்க தண்ணி காட்டுறீங்க."

"நான் ஊத்துனது எம்பொண்டாட்டிக்கு."

"செத்தவங்க எழும்பி வந்து யங்கோனா குடிப்பாங்களா? நீங்களே சொல்லுங்க."

"குடிக்க மாட்டாங்க."

"அப்ப குடிச்சது யாரு? நாளைக்கு ஊர் முன்னால அத உங்க வாயால ஒத்துக்கிட்டாத்தான் வாசல் அடையும். அப்புறம் புள்ளைய எங்க வேணா கொண்டுபோங்க."

கெலெமெந்தி பிள்ளையைத் தூக்கக் குனிந்தார். "தொடாதீங்க!" என்று அசெனதா கத்திய கத்தலில் வாசலில் நின்ற ஆண்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

அவர் நேராகத் தன் சபைப் போதகர் செமிசியிடம் போனார். செமிசி படித்தவர். நாற்காலியை இழுத்துப்போட்டு நிதானமாகவே பேசினார்.

"வேதக் கல்லூரியில நாங்க படிச்சது வேற, கெலெமெந்தி. ஆதியில சாத்தான்ங்கிறவன் கடவுளோட தர்பார்ல குத்தம் எடுத்துச் சொல்ற ஒரு வேலைக்காரன், அவ்வளவுதான். கொம்பு, வாலு, விலாங்கு எல்லாம் பின்னால மனுஷன் ஒட்டவச்சது."

"இத வந்து ஊர்ல சொல்லுங்க ஐயா."

"இப்பவா? இருக்கற பாதிச் சபையும் அந்தப் பக்கம் போயிரும். கொஞ்சம் பொறுங்க."

"நான் பொறுக்கலாம். புள்ள வயிறு பொறுக்காதே ஐயா."

போதகர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். படிப்பு அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

தலைநகர் சுவாவில் வேன் ஓட்டும் தம்பி அபெனிசாவுக்குப் போன் போட்டார். பிசாசு என்று ஆளே கிடையாது என்று சொல்கிற ஒரு சின்ன வேத வகுப்பில் அபெனிசா ஐந்தாறு வருஷமாக இருந்தான்.

"அண்ணே, நாளைக் காலையில அக்கரையில வேனோட நிப்பேன். மேல மழை பேஞ்சுக்கிட்டிருக்கு. மத்தியானத்துக்குள்ள ஆத்தத் தாண்டியாகணும். அவங்க கேக்கறதச் சொல்லிட்டுப் புள்ளையக் கொண்டா."

"பிசாசுக்கு ஊத்துனேன்னு எப்படிடா சொல்றது?"

"மனுஷன் நெஞ்சுல இருக்கற அழுக்குக்கு வச்ச பேருதான் பிசாசு. இல்லாத ஆளுக்கு ஊத்துனேன்னு சொன்னா யாருக்கு என்ன நஷ்டம்?"

"பொய்யில்லையாடா அது?"

"பொய்தான். ஊருக்கே உபதேசம் பண்ற ஆளு, ஒரு பொய் சொல்லத் தெரியாதாக்கும்?"

சனிக்கிழமை காலை சபைக் கோயில் முன்னால் புல்வெளியில் ஊர் கூடியது. அந்த ஊரில் ஒருவன் மன்னிப்புக் கேட்டால் திமிங்கிலப் பல்லை இரு கையில் ஏந்திக்கொண்டுதான் வருவான். பிசாசுக்குப் படைத்தவை என்று முந்தின நாளே எல்லாப் பற்களையும் நெருப்பில் போட்டிருந்தார்கள். நீண்ட ஜெபம் முடிந்ததும் கெலெமெந்தி வெறுங்கையோடு தலையைக் குனிந்து வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் யங்கோனாப் பாத்திரமும் வினியானாவின் சிரட்டையும் இருந்தன.

"மண்ணுல ஊத்துனீங்களா?" என்றார் இனோக்கே.

"ஊத்துனேன்."

"யாருக்கு?"

"பிசாசுக்கு."

கூட்டத்தில் ஒரு முனகல் ஓடியது. அதோடு முடிந்தது என்று எழுந்திருக்கப் பார்த்தார். இனோக்கே அவர் தோளில் கை வைத்தார். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

"எந்த மொகத்துல வந்துச்சு, ஐயா? அதச் சொன்னாத்தான் வாசல் அடையும்."

இப்படி ஒரு கேள்வி வரும் என்று தம்பி சொல்லியிருக்கவில்லை. புல்வெளி ஓரத்தில் அசெனதா பிள்ளையைப் பாயில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். பிள்ளை அழக்கூட இல்லை. வெயில் கோயில் கூரைக்கு நேர்மேலே ஏறிவிட்டிருந்தது. அக்கரையில் அபெனிசா விடாமல் ஹாரன் அடித்தான்.

"வினியானா மொகத்துல" என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க."

"வினியானா மொகத்துலதான் வந்துச்சு! அது பிசாசுதான்! போதுமா?"

அசெனதா முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்கும் அது தாய் முகம்தானே. பிறகு எழுந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அப்பாவைத் திரும்பிப் பார்க்காமல் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போனாள். ஜெபக்குழு மூட்டியிருந்த நெருப்பில் போட்டதும் சிரட்டை சட்டென்று பற்றிக்கொண்டது.

இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் குடல் வெடித்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். நரம்பில் மருந்து ஏற்றி, மூன்று வாரம் வைத்திருந்தார்கள். பிள்ளை பிழைத்தது.

ஊர் வேறு கணக்குப் போட்டது. சனிக்கிழமை மத்தியானம் வாசல் அடைந்தது, திங்கட்கிழமை காய்ச்சல் இறங்கியது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? லவேனியா உயிரோடு இருக்கும் ஒவ்வொரு நாளும் கெலெமெந்தி பிசாசுக்கு ஊழியம் செய்தவர் என்பது உறுதியாகிக்கொண்டே போயிற்று. போதகர் செமிசி, "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று சொல்லிப் பிரசங்கிகள் பட்டியலிலிருந்து அவர் பேரை அடித்தார். அபெனிசா போனில் சிரித்தான், "எப்படிண்ணே நம்ம யோசனை?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணே, நெசமாவே அங்க ஒண்ணும் வரலதானே?" என்று கேட்டான்.

கெலெமெந்தி போனை வைத்துவிட்டார். அந்தக் கேள்வியை அவர் தனக்குத்தானே கேட்க ஆரம்பித்திருந்தார். தூணடியில் ஊற்றிய ஈரம் சீக்கிரமே காய்ந்துவிடும். மண் உறிஞ்சியது என்றுதான் நினைத்திருந்தார்.

பிள்ளை வீடு திரும்பி ஒரு வாரம் கழித்து, ஒரு சாயங்காலம் அசெனதா அவளைக் கூட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்தாள். வேகவைத்த சேப்பங்கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள். லவேனியா மெலிந்து கண்ணும் முடியுமாக இருந்தாள். தாத்தாவிடம் ஓடி வரவில்லை. பெட்டிமேல் ஏறி நின்று, சுவரில் மாட்டியிருந்த வினியானாவின் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினாள்.

"எதுக்கு கண்ணு?"

"பிசாசு மூஞ்சின்னு நீங்கதானே சொன்னீங்க தாத்தா."

"இல்லடி தங்கம், அது உங்க பாட்டி" என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் வாசல் மறுபடி திறந்துவிட்டது என்று அசெனதா நினைப்பாள். அடுத்த காய்ச்சலுக்குப் பிள்ளையை வெளியே விடவே மாட்டாள். தலையை மட்டும் ஆட்டினார்.

அவர்கள் போனதும் படத்தைத் திருப்பி மாட்ட எழுந்தார். சட்டத்தில் கை வைத்துவிட்டு அப்படியே நின்றார். முப்பத்தைந்து வருஷம் தன்னைப் பார்த்துச் சிரித்த முகம் அதன் மறுபக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் திருப்பினால் அந்த முகத்திலிருந்து தன்னைப் பார்ப்பது யார் என்று இப்போது அவருக்கு நிச்சயமில்லை. கையை எடுத்துக்கொண்டு வந்து, ஆறிப்போன கிழங்கைத் தின்ன உட்கார்ந்தார்.