பாலத்தடியில் நகமளவு ஹெஸ்டர்

1885 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை ஓவியர் கிரெஸ்வெல் அமெரிக்காவுக்குக் கிளம்பினார். போகிற வழியில், தேம்ஸ் மரப்பாலத்தடியில் விலாங்குமீன் சூப் விற்கும் ஹெஸ்டர் பிளெட்ஜின் கையில் ஒரு படத்தைத் திணித்தார். செப்புத்தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மையிட்டு எடுத்த அச்சு. அதே பாலம், அதன் அடியில் நகமளவு கறுப்பாக ஓர் உருவம்.

"நான்தானே இது?" என்று ஹெஸ்டர் கேட்பதற்குள் குதிரைவண்டி நகர்ந்துவிட்டது.

அடுத்த மாதமே மரப்பாலத்தை இடிக்க ஆள் வந்தது. பழைய இடத்துக்கு அத்தாட்சி காட்டினால் புது இரும்புப்பாலத்திலும் அதே பக்கம் கடை போடலாம் என்றது பாலக் கமிட்டி. வலதுபக்கம் மெழுகுவத்தி ஆலையின் வாசல், ஐந்நூறு பசித்த வயிறு. இடதுபக்கம் தேவாலயமும் கல்லறைகளும். இருபத்திரண்டு வருஷமாக ஆலைவாசலில் நின்ற ஹெஸ்டர், படத்தோடு கமிட்டிக்குப் போனாள்.

அந்த இடத்தின் மேல் கண் வைத்திருந்த சுட்ட கிழங்கு வியாபாரி டிம்ஸும் வந்திருந்தார். படத்தை எட்டிப் பார்த்தவருக்கு வாயெல்லாம் பல்.

"ஐயா, நல்லாப் பாருங்க. அம்மா இடதுபக்கம் நிக்கிறாங்க. இனிமேலும் செத்தவங்களுக்கே சூப் ஊத்தட்டும்."

"உன் கிழங்கத் தின்னவங்கதான்யா அங்க படுத்திருக்காங்க" என்ற ஹெஸ்டர், படத்தை உற்றுப் பார்த்தாள். "ஏன் ஐயா, இதுல ஆலையும்ல இடதுபக்கம் இருக்கு? நான் நகர்ந்தேன்னே வைங்க, ஆலையுமா என் பின்னாலயே வந்துச்சு?"

கமிட்டியின் குமாஸ்தா படத்தைச் சுவர்க் கண்ணாடிக்கு எதிரே பிடித்தார். ஆலை, தேவாலயம், கறுப்பு உருவம் எல்லாம் தத்தம் இடத்துக்குத் திரும்பின. தகட்டில் நேராகக் கீறினால் அச்சில் இடம்வலம் மாறி விழும். கிரெஸ்வெல் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"சரி, ஆனா இது நீங்கதான்னு எப்படி நம்புறது?" என்றார் குமாஸ்தா.

"வரைஞ்சவரையே கேளுங்களேன்."

கமிட்டி அமெரிக்காவுக்குக் கடிதம் போட்டது. பதில் வரும்வரை ஆலைவாசல் ஹெஸ்டருக்கு.

ஊர் ஊராக அலைந்த கிரெஸ்வெல்லைக் கடிதம் பிடிக்கவே வருஷங்கள் ஆயின. இரும்புப்பாலம் திறந்து, குமாஸ்தா அவளுடைய தினசரி வாடிக்கையாளராகிவிட்ட பிறகு, ஒரு மத்தியானம் அவரே பதிலைக் கொண்டுவந்து சூப் கிண்ணத்தோரம் வைத்துப் படித்தார்:

"அது ஹெஸ்டர் அம்மாள் அல்ல, அமிலம் கசிந்து விழுந்த கறை. அவர் ஆலைவாசலில்தான் நிற்பார். ஆனால் முன்னால் எப்போதும் கூட்டம். வரைவதற்கு ஆளே தெரிந்ததில்லை."