பிகாஷ் செதுக்கிய ரயில்

இன்று கும்மிடிப்பூண்டியில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரே துணியில் அச்சுப் போட்டோம்.

இடது ஓரம் எங்களோடு வேலை செய்யும் பிகாஷின் ஒடிசா வீடு. வலது ஓரம் எங்கள் கம்பெனி கேட். நடுவில் கேட்டைப் பார்த்து ஓட வேண்டிய ரயிலை பிகாஷே மரக்கட்டையில் செதுக்கியிருந்தார்.

மை தடவி, அழுத்தி, கட்டையைத் தூக்கினோம். அச்சில் இடம் வலமாகிவிடும் என்பதை எல்லாருமே மறந்திருந்தோம். ரயில் வீட்டைப் பார்த்து ஓடியது!

கவரைப்பேட்டை மெர்சி அக்கா, “இன்னா நைனா, லீவு சொல்லாம ஊருக்குப் போய்க்கினு கீறே?” என்றார்.

“வேற கட்டை செதுக்கலாமா?” என்று கேட்டேன்.

பிகாஷ் துணியை இறுகப் பிடித்துக்கொண்டார். “வேணாம் அக்கா. ரெண்டு வருஷமா லீவு கேக்குறேன். இன்னிக்குத்தான் கெடச்சுது.”

ரயில் ஜன்னல்களில் ஆளுக்கொரு கைரேகை வைத்து நாங்களும் ஏறிக்கொண்டோம். இன்னும் இரண்டு ஜன்னல் காலி. யார் வருகிறீர்கள்?