லென்ஸுக்கு வெச்ச சந்தனப் பொட்டு

காருக்கும் வேனுக்கும் கேமரா மாட்டற தொழில்ல மாட்டறது கால் பங்கு வேலைதான். மீதி முக்கால் பங்கும், வாங்கினவங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டு நிக்கறது. கடை வெச்சுக் கவுண்டருக்கு உள்பக்கம் நிக்கற சனமெல்லாம் இதைப் படிச்சு ஒரு பெருமூச்சு விட்டுக்குங்க. என்ற கடை அனுப்பர்பாளையத்துல. ஒரு பக்கம் பாத்திரப் பட்டறை, இன்னொரு பக்கம் தையல் மெஷின், நடுவுல நான் ஸ்க்ரூ டிரைவரும் கையுமா.

குலுங்கினா கெட்டுப் போயிரும்

எங்கூரு ராயபுரத்துல பனியன் யூனிட் வெச்சிருக்கற பழனிச்சாமி அண்ணன் ஒரு நாள் துணி ஏத்தற வேனோட வந்து நின்னாரு. டேஷ்போர்டு மேல ஒரு குட்டிக் கேமரா, அதைச் சுத்தி அட்டைப்பெட்டி ஒட்டற டேப்பு அரை ரோல். பாத்தா, அவரு பையன் நவீன் ஹெல்மெட்டுல மாட்டிக்கிட்டு மலையேறற ஆக்‌ஷன் கேமரா. "வாரத்துல ஆறு நாள் சும்மாதானுங்களே கெடக்குது அம்மிணி, வேன்லயாவது உழைக்கட்டும்னு ஒட்டிப்போட்டேன். மத்தியானத்துல மயக்கம் போட்டுருது"ன்னாரு.

போடாதா பின்ன? காத்துப் படற இடத்துல ஓடறதுக்குன்னே செஞ்ச சாமான் அது. நம்மூரு வெயில்ல, கண்ணாடிக்குப் பின்னாடி வெச்சா சூடேறி நின்னு போகும். பேட்டரியும் நாள் பூரா தாங்காது, ஆளு வேற பட்டனை அமுக்கணும். வண்டிக்குன்னே செஞ்ச டேஷ் கேம் அப்பிடியில்ல, சாவி போட்டா முழிச்சுக்கும், சாவி எடுத்தாத் தூங்கும், கார்டு நெறைஞ்சா பழசை அழிச்சுப் புதுசை எழுதிக்கும். இத்தனையும் சொல்லிப்போட்டு, அதுல என்னதான் பதிவாகியிருக்குன்னு ஓட்டிப் பாத்தேன். பூராவும் டீக்கடை. விதவிதமா டீக்கடை. ரோடு ஒரு துளி இல்ல. டிரைவர் இசக்கிமுத்து, திருநெல்வேலிப் பக்கத்து மனுசன், ரொம்பப் பணிவாச் சொன்னாரு: "சின்ன முதலாளி ஆசையா வாங்கினதுலா யக்கா. குலுங்கிக் கெட்டுப் போயிரக் கூடாதுன்னு வண்டி கெளம்புனதும் அமத்திருவேன், நின்னதும் போட்டுருவேன்."

எல்லாமே ஓடட்டும்

அன்னைக்கே டேஷ் கேம் மாட்டினேன். பெட்டிக்குள்ள லென்ஸ் துடைக்க ஒரு சின்னத் துணி வரும். பழனிச்சாமி அண்ணன் கேமராவைத் திரும்பிக்கூடப் பாக்கல, அந்தத் துணியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு உருட்டிக்கிட்டே, "இது எத்தனை ஜிஎஸ்எம்முங்க?"ன்னாரு. துணியோட கனத்துக்கு எங்கூர்ல அதுதான் பேரு. இந்தச் சனம் பொண்ணு பாக்கப் போனாலும் சேலை முந்தானையைத் தடவிப் பாத்துட்டுத்தான் பொண்ணையே பாக்கும்.

மைக் வேணுமா வேண்டாமான்னு நான் எல்லார்கிட்டயும் கேட்டுருவேன். மாமியாரைப் பத்திக் காருக்குள்ள பேசினது ஊட்டுல ஒலிபரப்பாகி, கேமராவை மாட்டினவளைத் தேடி வந்து வஞ்ச கதையெல்லாம் எனக்கு இருக்குது. அண்ணன்கிட்டயும் கேட்டேன். "காசு குடுத்து வாங்கினதுல எதுக்குங்க அம்மிணி ஒண்ணை அணைச்சு வெக்கறது? எல்லாமே ஓடட்டும்."

குளிருதுங்கக்கா

ஆக்‌ஷன் கேமராவை மட்டம் தட்டறேன்னு நெனைச்சுக்காதீங்க. டேப்பு பிசினையெல்லாம் துடைச்சு நவீன்கிட்டக் குடுத்தேன். உடுமலை தாண்டி மூணாறு ரோட்டுல பைக்குல போயிட்டு வந்து, அந்தப் பையன் கடையிலயே உக்காந்து போட்டுக் காட்டினான். அடேங்கப்பா! அத்தனை வளைவுலயும் படம் ஆடல, அசையல. மழை லென்ஸ் மேல வந்து விழுகுது, ஓரத்துல மஞ்சு மூட்டம் எறங்குது. நான் கஸ்டமரை நிக்க வெச்சுட்டு வாயைத் திறந்துக்கிட்டுப் பாத்தேன்.

அவன் கேமராவை மனசாரப் பாராட்டிட்டா, நம்ம சரக்கை அவன் சும்மா விடுவானா? "எனக்கு இதைப் பாத்தாலே குளிருதுங்கக்கா. உங்க டேஷ் கேம்ல லாரி நம்பர்தான தெரியும்?"

ரோட்டோட பேசறவரு

கொஞ்ச நாள் கழிச்சு அண்ணன் கார்டைத் தூக்கிக்கிட்டு வந்தாரு. முகம் கடுகடுன்னு இருந்துச்சு. "இதைக் கேளுங்க அம்மிணி, கிறுக்குப் புடிச்சிருச்சாட்டம் இருக்குது இவனுக்கு"ன்னு போட்டாரு.

கேட்டேன். இசக்கிமுத்து ரோட்டுல வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசிக்கிட்டே ஓட்டறாரு. கண்ணாடி ஏத்தியிருக்கு, அவங்களுக்கு ஒண்ணும் கேக்காது, அதைப் பத்தி அவருக்கென்ன? ஷிப்ட் முடிஞ்சு சாப்பாட்டுப் பையோட ரோட்டைத் தாண்டற பொண்ணுங்களுக்கு, "போங்க தாயி, நான் நிக்கேன்." குறுக்க நிக்கற மாட்டுக்கு, "நீ அசை போட்டு முடி, எனக்கு என்ன அவசரம்?" ராங் சைடுல வந்தவனுக்குக்கூட ஒரு கெட்ட வார்த்தை இல்ல, "பாத்துப் போ ராசா, வீட்டுல தேடுவாவ." நானும் எத்தனையோ வண்டியோட சத்தத்தைக் கேட்டிருக்கேன், பாதியைக் காது குடுத்துக் கேக்க முடியாது. இப்பிடி ஒரு மனுசன் ஓட்டற ரோட்டுல என்ற பிள்ளைங்க தைரியமா சைக்கிள் ஓட்டும்னு தோணுச்சு. அண்ணன்கிட்டச் சொன்னேன். அவருக்கு ஏறல: "பேசறதுக்கு வாயிருந்தாப் போதும், எதுக்குங்க ஒவ்வொரு தடவையும் வண்டியை நிறுத்தறான்?"

பொட்டு

ஆயுத பூஜை வந்துச்சு. மறு வாரம் பழனிச்சாமி அண்ணன் வேனைத் தானே ஓட்டிக்கிட்டு, கார்டோட ஓடி வந்தாரு, பின்னாலயே இசக்கிமுத்து. ரத்தமே இல்லாத முகம். நடந்தது இதுதான்: சாயப்பட்டறையில இருந்து துணி ஏத்திக்கிட்டு வர்ற வழியில, கார்த்தின்னு ஒரு காலேஜ் பையன் பைக்குல விழுந்து கெடந்திருக்கான். கால் முறிஞ்சு போச்சு. இவரு வேன்லயே தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காரு. தூக்கிட்டு வந்தவரையே இடிச்சவருன்னு புடிச்சுக்கிட்டாங்க. பையனும் ஆமா, வேன்தான் இடிச்சுதுன்னு சொல்லிப்போட்டான். கம்ப்ளெயின்ட் ஆயிருச்சு, லைசென்ஸ் ஸ்டேஷன்ல. அண்ணனும் வேன் சாவியைத் திருப்பி வாங்கிக்கிட்டாரு. "ஸ்டியரிங்கைத் தவிர ஒண்ணும் புடிச்சதில்ல யக்கா, லைசென்ஸ் போச்சுன்னா நான் எங்க போவேன்?"னு இசக்கிமுத்து கேக்கறாரு.

கார்டைச் சொருகினேன். திரை பூரா மஞ்சள். நடுவுல ஒரு செவப்பு வட்டம். நான் இசக்கிமுத்துவைப் பாத்தேன், அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. வேனுக்கு, ஸ்டியரிங்குக்கு, ஸ்டெப்னிக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வெச்ச மனுசன், கேமராவுக்கு மட்டும் சும்மாவா விடுவாரு? லென்ஸ் நடுவுலயே வெச்சிருக்காரு. பூஜையில இருந்து அன்னைக்கு வரைக்கும் அந்தக் கேமரா சந்தனத்தைத்தான் படம் புடிச்சிருக்கு. வந்த கோவத்துக்கு நாலு வார்த்தை கேட்டேன். அவரு பதில்: "நம்மளைப் பாத்துக்கிட்டே இருக்குத கண்ணுலா யக்கா, அதுக்கு வைக்காம வேற எதுக்கு வைக்கதுன்னு நெனைச்சேன்."

காதுல விழுந்தது

அப்பத்தான் அண்ணனோட "எல்லாமே ஓடட்டும்" ஞாபகம் வந்துச்சு. சத்தத்தைக் கூட்டினேன். பைக்குக்குச் சொந்தக்காரரு, கார்த்தியோட அக்கா வீட்டுக்காரரு செந்தில். அவரும் விடாமப் பின்னாலயே வந்து கடை வாசல்ல நின்னிருந்தாரு. வாங்க, நீங்களும் கேளுங்கன்னு உள்ள கூப்பிட்டேன்.

மஞ்சள் திரைக்குப் பின்னால முதல்ல இன்ஜின். அப்புறம் கை பிரேக் இழுக்கற சத்தம், கிர்ர்ர்ர். "போங்க தாயி, நான் நிக்கேன். மெதுவாப் போங்க." வண்டி நின்ன எடத்துலயே உறுமிக்கிட்டிருக்கு. அதுக்கப்புறம்தான், நல்லாக் கேட்டுக்குங்க, அதுக்கப்புறம்தான் டயர் சறுக்கற சத்தமும் தொபீர்னு விழுகற சத்தமும். கதவு திறக்குது. "ஏ அய்யா, அசையாத, காலை ஆட்டாத! அட்டைப்பெட்டியைக் கிழிச்சு ரெண்டு பக்கமும் அண்டக் குடுக்கேன், பொறு." ஒரு சர்ர்ர்ர். அட்டையைக் கட்டத் துணி கிழிக்கறாரு, அந்தச் சத்தத்துல எங்கூர்ல ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. "முதலாளி ஏசுவாரு. ஏசட்டும்." அப்புறம் வண்டி கிளம்புது, பையன் முனகறான்: "மணல்ல வழுக்கிருச்சுங்ணா. மச்சானோட புது வண்டி, கேக்காம எடுத்துட்டு வந்துட்டேன். கொன்னே போட்டுருவாருங்ணா!" இசக்கிமுத்து: "வண்டி கெடக்கு. இரும்பை ஒட்டிக்கிடலாம், நீ நல்லா இருக்கணும்லா?"

செந்தில் மஞ்சள் திரையையே பாத்துக்கிட்டு நின்னாரு. "என்னைப் பாத்தா கொன்னு போடறவனாட்டமாங்க இருக்குது?"ன்னு யாரையோ கேட்டாரு. அவரே இசக்கிமுத்து கையைப் புடிச்சு, "வாங்கண்ணா, ஸ்டேஷனுக்குப் போயி லைசென்ஸை வாங்கிட்டு வந்துரலாம்"னாரு. இந்த மனுசன் அப்பவும், "பையனை ஏசாதிய, பயந்த பிள்ளை"ங்கறாரு.

பழனிச்சாமி அண்ணன் வேன் பின்கதவைத் திறந்து, கிழிஞ்ச துணி ரோலை இழுத்து, ஓரத்தை ரெண்டு விரல்ல உருட்டி உருட்டிப் பாத்தாரு. நான் மனசைக் கல்லாக்கிக்கிட்டேன். அவரு வேட்டியில முடிஞ்சு வெச்சிருந்த சாவியை எடுத்து இசக்கிமுத்து கையில வெச்சுட்டு என்னைத் திரும்பிப் பாத்தாரு, கண்ணு கலங்கியிருந்துச்சு: "கிழிக்கறதே கிழிச்சான், இருக்கறதுலயே நல்ல ஜிஎஸ்எம்மாப் பாத்துக் கிழிச்சிருக்கான் பாருங்க அம்மிணி!"

இப்பெல்லாம் கேமரா வாங்க வர்றவங்ககிட்ட, பூஜைக்கு லென்ஸை விட்டுட்டு வேற எங்க வேணா சந்தனம் வெச்சுக்குங்க, மறந்து வெச்சுட்டீங்கன்னா இசக்கிமுத்து மாதிரி ஓட்டிக்குங்கன்னு சொல்லித்தான் பில் போடறேன்.